மாப்பிள்ளை மாடியில் நலம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகன் எங்கள் வீட்டு மாடியில் நலமாக இருக்கிறார். காலையில் புதுப் படியில் ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். போனில் என்றால் பாதியிலேயே குரலை உயர்த்துவீர்கள். கடிதத்தோடு சண்டை போட முடியாது. உங்கள் ஊருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புகிற எங்கள் கடை வண்டியிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

"பசங்களுக்குன்னு தனியா ஒரு ரூம், அதுக்குப் போக ஒழுங்கா ஒரு படி. இருந்தா உங்களோட இருக்கட்டும். இல்லேன்னா இங்க நான் பார்த்து வச்சிருக்கிற வாடகை வீட்டுக்கு வந்துடட்டும்" என்று தாங்கள் சொன்னதையும், ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகள். அவளை வாடகை வீட்டிடம் தோற்க எனக்கு மனமில்லை. கீழே இருக்கிற ஒரே படுக்கையறை எங்களுடையது என்பதால், கடைச் சரக்கான பக்கெட், குவளை, முக்காலி எல்லாம் அடைந்து கிடந்த மாடி அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஜன்னலும் வைத்தேன். படிதான் இல்லை. மூட்டைக்கு எதற்குப் படி? கூடத்துக் கூரையில் சதுரமாக ஓர் ஓட்டை, அதற்கு மேல் கப்பி, கயிறு, நான் ஏற ஓர் இரும்பு ஏணி, இவ்வளவுதான் இத்தனை வருஷமாக. கூடமோ இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும். சாதாரணப் படி கட்டினால் குடும்பமே படியில் வரிசையாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

பட்டறைக்காரர் முதலில் சுருள் படியைக் காட்டினார். என் மனைவி ஏறி இறங்கி, "இறங்கின பிறகும் சுத்திக்கிட்டே இருக்கேங்க" என்று என் தோள் என நினைத்துப் பிடித்தாள். பிடித்தது என் தோள் அல்ல, பட்டறைக்காரர் தோள். ஆகவே அது வேண்டாம் என்று முடிவாயிற்று. அடுத்தது மடக்குப் படி. கயிற்றை இழுத்தால் மேலிருந்து இறங்கும் என்றார். இழுத்தேன், இறங்கியது, என் தலையில். மூன்றாவதுதான் அரைப் படி. ஒரு படி இடது காலுக்கு மட்டும், அதற்கு மேல் ஒன்று வலது காலுக்கு மட்டும் என்று மாற்றி மாற்றிப் போகும். செங்குத்தாக நிற்கும், ஓர் அலமாரி வைக்கிற இடம் போதும். பார்த்ததுமே, "பலகை பாதிதானே, விலையும் பாதிதானே?" என்றேன். அவர் மசியவில்லை. படிக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கினால் எனக்குச் சாப்பாடு இறங்காது என்பது தங்களுக்கே தெரியும், கல்யாண மண்டபம் பேசும்போது கூடவே இருந்தீர்கள்.

"அப்போ ஒரு படியைக் குறைச்சுக்குங்க" என்றேன்.

"படியைக் குறைக்கலாம் முதலாளி. மாடி உயரத்தை யாரு குறைக்கிறது?"

"கடைசிப் படிக்கு மேல மாடித் தரை வருதுல்ல? அதையே ஒரு படியா நினைச்சுக்குவோம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நினைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். பழைய ஏணியை அவர் தலையிலேயே கட்டி, மீதித் தொகையில் இன்னும் கொஞ்சம் கழித்தேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

இன்று காலை படியைப் பொருத்தி முடித்தார்கள். மாப்பிள்ளை நீளக்கால்காரர், படி விட்டுப்போன இடத்தை ஒரே எட்டில் தாண்டி மேலே போய், "காத்து பிரமாதமா வருது மாமா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு இறங்கத் திரும்பினார். வலது காலைக் கீழே விட்டுத் துழாவினார். படி இருக்க வேண்டிய இடத்தில் அதே பிரமாதமான காற்று இருந்தது.

"மாமா, இங்க ஒரு படியக் காணோமே?"

"அது கணக்குல இல்ல மாப்பிள்ளை."

காலை மேலே இழுத்துக்கொண்டவர்தான். ஆறடி உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்க்கிறவர் இன்னும் கொஞ்சம் உயரத்துக்கு இப்படி நடுங்குவார் என்று யார் கண்டது? ஏணி வைக்கலாம் என்றால் ஏணியைத்தான் விற்றுத் தொலைத்தேனே. சாப்பாடு, தலையணை, ஆபீஸ் வேலைக்கு லேப்டாப் எல்லாம் கப்பியில் போய்விட்டன. "உங்களைவிடக் கனமான மூட்டையெல்லாம் இதுல இறங்கியிருக்கு, தைரியமா வாங்க" என்றேன். "மூட்டைக்குப் பயம் கிடையாதே மாமா" என்றார். நியாயம்தான். மகளிடம், "நீ ஏறி இறங்கிக் காட்டும்மா, அவருக்குத் தெம்பு வரும்" என்றேன். நேற்றுவரை அந்த ஏணியில் அணில் மாதிரி ஓடியவள், முதல் படியில் கால் வைக்கவே மாட்டேன் என்கிறாள். பெற்ற மகளே என் பேரத்தை நம்பவில்லை. "மிச்சம் பிடிச்சீங்களே, மாப்பிள்ளையும் மேலயே மிச்சமாயிட்டாரு" என்று என் மனைவி வேறு.

ஆனாலும் தாங்கள் கவலைப்பட வேண்டாம். படி நல்ல படி. பயம் பழகினால் போய்விடும். மாடி அறை அவர்கள் இருவருக்கும்தான். விட்ட படியை மறுபடி போட நான் ஒரு காசும் செலவழிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். முழங்கால் வலியோடு சம்பந்தி அம்மாள் ஏற வேண்டாம், கீழேயே நாற்காலி போடுகிறோம். இரு வீட்டு நல்லெண்ணமும் பிள்ளைகளுக்கு என்றும் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது கூடத்தில் தடதடவென்று சத்தம். மகள் கீழே நின்று அண்ணாந்து ரகசியமாக ஏதோ சொல்லியிருக்கிறாள். தங்கள் மகன் படி இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டார். நாம் இருவரும் தாத்தா ஆகப் போகிறோம். அவர் போன் செய்யும்போது இப்போதுதான் கேட்பது போலக் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் ஏன் படியில் கால் வைக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. "நாங்க இங்கேயே இருக்கோம் மாமா, ஆனா கீழ" என்கிறார் மாப்பிள்ளை. எங்கள் படுக்கையறை அவர்களுக்கு. மாடிக்கு நாங்கள் போகிறோம். "விட்ட படியைப் போட்டாத்தான் நான் ஏறுவேன்" என்று என் மனைவி சொல்லிவிட்டாள். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், சுருக்கமாக முடிக்கிறேன். பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். ஒரு படிக்கு மூன்று படி விலை கேட்டார். சரி என்றேன். தப்பான ஆளிடம் பேசுகிறோமோ என்று அவர் மறுபடியும் என் பெயரைக் கேட்டார். பேசி முடித்தது இதுதான்: மூன்று படி விலைக்கு ஒரு படி, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிய வேண்டும், கைப்பிடி மட்டும் இனாம்.