கடைசிக் குபுக்

மனித நாகரிகம் நெருப்பில் பிறந்து, சக்கரத்தில் உருண்டு, கடைசியில் எங்கள் அலுவலகத் தண்ணீர் கேனில் வந்து முழுமை பெற்றது. பெருமைக்காகச் சொல்லவில்லை. உலகமே தண்ணீரை வீணாக்கிக்கொண்டிருக்க, எங்கள் கிளையில் மட்டும் கேனை ஒருவரும் காலி செய்ததில்லை. எப்போதும் ஒரு வாய் மிச்சம் இருக்கும்.

இந்தத் தியாகத்துக்குப் பின்னால் மேனேஜர் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. 'எவர் கை குழாயில் இருக்கும்போது கேன் கடைசிக் குபுக் விடுகிறதோ, அவரே புதுக் கேனைத் தூக்கி மாட்டக் கடவர்.'

அன்று முதல் குழாயடியில் ஒரு பக்தி வந்துவிட்டது. காசாளர் அக்கா, டாக்டர் மாதிரி கேனில் காதை வைத்துக் கேட்ட பிறகே குழாயைத் திருகுவார். ஸ்டோர்ஸில் இருக்கும் பயில்வான், தினமும் ஜிம்மில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர், சொட்டுச் சொட்டாகப் பிடித்து முக்கால் டம்ளரில் மூச்சு வாங்கி நிறுத்துவார். மூலையில் நிரம்பிய கேன் ஒன்று, மூடி பிரிக்காமல், ஆடிட்டர் போல எங்களை முறைத்தபடி உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பொன்னான ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். தற்காலிகமாகச் சேர்ந்திருந்த புதுப் பெண், கிளை அறிக்கையை அவர்முன் வாசிக்க வேண்டும். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். ஆட்டாவிட்டால் திங்கட்கிழமை முதல் அவள் வீட்டில் இருக்கலாம்.

அதிகாரியின் கார் தெருமுனையில் திரும்பியது. "ஹிக்!" என்றாள் அந்தப் பெண்.

எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டோம்.

"யாரோ நினைக்கிறாங்கம்மா," என்றார் காசாளர் அக்கா.

"என்னை வேலையை விட்டுத் தூக்கப்போறவங்களா இருக்கும்க்கா... ஹிக்! கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

"தண்ணியா? எதுக்கு அதெல்லாம்? மூச்சை அடக்கு, போதும்."

பயில்வான் பூனைபோல் பின்னால் வந்து "பே!" என்று அலறினார். அந்தப் பெண் அசையவில்லை. உள்ளே மேனேஜர் கையிலிருந்து ஃபைல் விழுந்தது.

நானும் என் பங்குக்கு யோசனை சொன்னேன். "விக்கலோடயே வாசிச்சிடும்மா. ஒவ்வொண்ணையும் முற்றுப்புள்ளின்னு அதிகாரி நினைச்சுப்பாரு."

"அண்ணா, கேன்ல ஒரு வாய் இருக்கே... ஹிக்!"

"இருக்கு. அது எல்லாருக்கும் பொது. அதனாலதான் யாரும் தொடறதில்ல."

"அப்ப அந்தப் புதுக் கேனை யாராவது மாட்டிக் குடுங்களேன்!"

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டாள். உடனே அறைக்குள் ஒரு கொள்ளைநோய் பரவியது. பயில்வானுக்கு இடுப்புப் பிடித்தது. அக்காவுக்குக் கழுத்து திரும்பவில்லை. எனக்குத் தோள்பட்டை வலித்தது; எந்தத் தோள் என்று நான் முடிவு செய்வதற்கு முன்பே வலித்தது.

மேனேஜர் வெளியே வந்தார். "இது கொள்கை முடிவு. கூட்டம் போடாம எதையும் தொடக் கூடாது."

நின்றபடியே அவசரக் கூட்டம் நடந்தது. விக்கல் என்பது அலுவலகக் காரியமா, சொந்தக் காரியமா? காரசாரமான விவாதம். சொந்தக் காரியம் என்றால் தண்ணீரும் சொந்தத் தண்ணீர்தானே என்று அக்கா ஒரு பாயிண்டைப் பிடித்தார். மேனேஜர் அசந்துபோய் ஒரு கமிட்டி போட்டு, அவரையே தலைவராக்கினார்.

குபுக்!

திரும்பினோம். அந்தப் பெண் காலி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். சுடிதார் கையை மடித்துவிட்டாள். பழைய கேனை இறக்கினாள். புதுக் கேனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள், கவிழ்த்தாள், மாட்டினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. விக்கலும் இல்லை. எங்கள் கமிட்டிக்கு இன்னும் பெயர்கூட வைத்தாகவில்லை.

அதிகாரி வந்தார். அவள் அறிக்கையை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்து முடித்தாள். வெயிலில் வந்தவர் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, தலையை நன்றாகவே ஆட்டினார்.

"பிரமாதமா வாசிச்சேம்மா! ஆமா, போற கிளையில எல்லாம் கேன் காலியாத்தான் இருக்கு. இங்க மட்டும் நிறைஞ்சிருக்கே, யாரு மாத்தறது?"

எங்கள் கிளையின் ஒற்றுமையை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

"இந்தப் பொண்ணுதான் சார்!" என்றோம் ஒரே குரலில்.

"நாங்க வேணாம்னாலும் கேக்காது சார்," என்றார் பயில்வான், இடுப்பைப் பிடித்தபடி. "அவ்வளவு ஆர்வம்!"

"அப்படியா! மேனேஜர், இன்னிக்கே இவங்களை நிரந்தரம் பண்ணிடுங்க. கேன் மாத்தற பொறுப்பையும் ஆர்டர்லயே சேர்த்துடுங்க. இவ்வளவு ஆர்வத்தை வீணாக்கக் கூடாது."

அந்தப் பெண் எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

நாங்கள் கைதட்டினோம். சும்மா இல்லை, ஜன்னல் கண்ணாடி அதிர அதிரத் தட்டினோம். பயில்வான் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு கைகள் இருக்கின்றன என்பதை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள்.