ஆமென் சொல்வதற்குள் போன வடை

பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது எனக்குப் பிறவிக் குணம். தொழிலும் அதற்கேற்றபடியே வாய்த்தது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் விற்பனையாளன் நான். ஒரு சேலை கேட்டு வருகிறவர்கள் முன்னால் முப்பது சேலையை விரித்துப் போட்டு, அவர்கள் எழுந்து போக முடியாதபடி பேசிக்கொண்டே இருப்பதற்குத்தான் சம்பளம். கடையில் அதற்குப் பெயர் திறமை. அந்தத் திறமையைச் சபைக்குக் கொண்டுபோனதுதான் வினை.

எங்கள் கிறிஸ்தவ சபை திருப்பருத்திக்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க அப்பா அம்மா விடியுமுன்னே கிளம்பிவிடுகிற வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் வெறும் வயிற்றோடு வருவார்கள். எட்டாம் வகுப்பு நந்தினி ஒருநாள் பள்ளி வாசலிலேயே மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவர், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற எங்கள் சபைக் கிருபை அக்கா. மறுநாளே சபை வாசலில் அடுப்பு மூட்டிவிட்டார். எங்கள் காலை உணவு ஊழியம் அப்படித்தான் தொடங்கியது. யார், என்ன மதம் என்று கேட்பதில்லை. தட்டோடு வந்தால் போதும்.

அக்காவின் ஜெபம் தந்தி மாதிரி இருக்கும். "ஆண்டவரே, புள்ளைங்க சாப்பிடப் போவுதுங்க, ஆசீர்வதியும், ஆமென்." அதையும் கண்ணைத் திறந்துகொண்டு, கையில் நீளக் கழியோடு சொல்வார். (கோயில் ஊர். குரங்குகளுக்குப் பஞ்சமில்லை.) எனக்கு அது பொறுக்கவே பொறுக்காது. ஆண்டவரிடம் பேசும்போது கழி எதற்கு, மிரட்டியா வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் சபைச் செயலர் தேவசகாயம் ஐயா தம் மகள் ஜாஸ்மினுக்கு வரன் பார்க்கிறார், அதில் என் பெயரும் அடிபடுகிறது என்று காதில் விழுந்தது. அடுத்த வாரமே ஐயாவின் பிறந்த நாள். பிறந்த நாள் கொண்டாடுகிறவர்கள் அன்றைய சாப்பாட்டை ஏற்றுக்கொள்வது எங்கள் வழக்கம். அன்றைக்கு வழக்கமான பொங்கல் போய் இட்லி, வடை, ஆளுக்கொரு வாழைப்பழம் என்று ஏற்பாடு. ஐயா மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். சாட்சாத் என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நானே முடிவுகட்டி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் போய் நின்றேன். இன்றைக்கு நான் ஜெபிக்கிறேன் என்றேன்.

"பண்ணுப்பா. சீக்கிரம் முடி, பெல் அடிச்சுடுவாங்க" என்றார் அக்கா. என்னைத் தெரிந்தவர். நேரமாகும் என்று கணக்குப் போட்டு, கரண்டிகளைக் கழுவப் பின்பக்கம் போய்விட்டார்.

நான் முதல் வேலையாக, அக்கா சாத்தி வைத்துவிட்டுப் போன கழியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். அப்புறம் பிள்ளைகளுக்கு ஒரு கட்டளை போட்டேன். நான் ஆமென் சொல்லும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது.

உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்தேன். பாலாற்றில் தண்ணீர் வர வேண்டினேன். தறி நெய்கிறவர்கள், கம்பெனிக்குப் போகிறவர்கள், கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறவர் என்று ஒருவரையும் விடவில்லை. ஐயாவின் ஆயுசுக்குத் தனியாகக் கொஞ்சம். அவர் குடும்பத்தில் நடக்கவிருக்கிற சுபகாரியத்துக்கு (குரலைக் குழைத்து) இன்னும் கொஞ்சம். நடுவில் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ விசும்புகிற சத்தம். அடடா, ஜெபம் உள்ளத்தைத் தொட்டுவிட்டது என்று எனக்கே புல்லரித்தது. பாத்திர மூடி ஒன்று உருண்டது. காற்று என்று நினைத்து, காற்றுக்கும் நன்றி சொன்னேன். "அண்ணா" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. அதை அமுக்க என் குரலை உயர்த்தினேன்.

"ஆமென்" என்றாள் நந்தினி, தெருவுக்கே கேட்கும்படி. "ஆமென் சொல்லிட்டேண்ணா. கண்ணத் தொற."

திறந்தேன். வடைக் கூடை மதில் மேல் இருந்தது. அதன் பக்கத்தில் பெரிய கடுவன் குரங்கு ஒன்று பந்திக்கு முந்திய சம்பந்தி போல உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தது. குட்டியைச் சுமந்த ஒன்று வாழைச்சீப்போடு கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. இட்லியெல்லாம் மண்ணில். சாம்பார் வழிந்துபோய், இன்னும் பக்தியோடு கண்ணை மூடியிருந்த ஐயாவின் காலை நனைத்திருந்தது. பிள்ளைகள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் வாய்க்குப் போட்ட கட்டளையை மட்டும் அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார்கள். விசும்பியது ஓர் ஆறாம் வகுப்புப் பிள்ளை. அவள் கண்ணெதிரே அவள் வடை போயிருக்கிறது.

நந்தினி காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பரவால்லண்ணா. மத்தியானம் சத்துணவு இருக்குது" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மயங்கி விழுந்த பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறாள். வேறு வழி தெரியாமல், ஏதாவது வாங்கிவர ஓடினேன்.

எதிர் பேக்கரி பாய், நான் போய்ச் சேர்வதற்குள் பன்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "இங்கேர்ந்து கத்திக்கினேதான் இருந்தேன்பா. நான் கத்தக் கத்த நீ இன்னும் சத்தமா ஜெபம் பண்ணிக்கினு இருந்தே" என்றார். திரும்பி ஓடிவந்தபோது சபை வாசலில் சாம்பாரில் சறுக்கி உட்கார்ந்து, பெட்டியை மட்டும் கீழே விடாமல் கொண்டுவந்து சேர்த்தேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது. ஆளுக்கு இரண்டு பன்னோடு மென்றுகொண்டே பிள்ளைகள் ஓடினார்கள். கேட்டில் நின்ற தலைமையாசிரியர் அந்த நேரம் பார்த்து வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மகராசன் நன்றாக இருக்கட்டும்.

கிருபை அக்கா வந்து எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து கழியை எடுத்து என் கையில் கொடுத்தார். "இனிமே உனுக்கு இதாம்பா ஊழியம்" என்றார். அன்றிலிருந்து தட்டில் சாப்பாடு விழுந்த பிறகுதான் ஜெபம் என்று சட்டம் ஆயிற்று. ஜெபம் அக்காவுடையது, கழி என்னுடையது.

இத்தனைக்கும் பிறகு ஜாஸ்மின் என்னைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், கண்ணெதிரே இருந்த வடையையே காப்பாற்றத் தெரியாதவன் எவளையும் ஏமாற்றமாட்டான் என்று தைரியம் வந்ததாம். எங்கள் வீட்டில் இன்றும் சாப்பாட்டு ஜெபத்துக்கு நான் வாயைத் திறந்தால், அவள் கை தானாகப் போய்ப் பாத்திர மூடியை அழுத்திக்கொள்ளும்.

போன மாதம் ஞாயிறு பள்ளி டீச்சர் எங்கள் ஐந்து வயது மகளைப் பற்றிப் புகார் சொன்னார். ஜெபத்தில் ஒரு கண்ணைத்தான் மூடுகிறாளாம். ஜாஸ்மின் அவளை உட்காரவைத்து, இரண்டு கண்ணையும் மூட வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அப்போ வடைய யாரும்மா பாத்துக்குவாங்க?" என்றாள்.