பின் அச்சின் முனகல்

"என்ன சொன்னீங்க அத்தை?" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

பின்னிருக்கையில் மாமியாரும் மனைவியும் மீண்டும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்தனர். காரின் பின் அச்சிலிருந்து எழுந்த முனகல், அந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட முன்னே வரவிடவில்லை. மாமியாருக்குத் தம்மைப் பிடிக்குமா, பிடிக்காதா என்ற கேள்வி, மணமான நாள் முதல் மருந்துக்கடைக்காரரின் மனத்தை அரித்துவந்தது. முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை அந்த அம்மாள் சொன்னதே இல்லை. வாரந்தோறும் கண் மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் தம்மைத்தான் வறுத்தெடுக்கிறார் என்பது அவருடைய முடிவு.

"பின் அச்சுப் பல்சக்கரத்துக்கு ஊத்தற டிஃபரன்ஷியல் ஆயில் மாத்தணும் சார்," என்றார் பட்டறையில் மெக்கானிக். "எந்த ஆயில்னு பாத்துத்தான்..."

"மருந்து குடுக்கறவனுக்கே மருந்துச் சீட்டா? நான் வாங்கிட்டு வரேன்."

கடையிலேயே உயர்ந்த ரகமாக, தண்ணீர்போல் இளகியதொரு எண்ணெயை வாங்கி ஊற்றச் செய்தார். முனகல் ஊளையாயிற்று.

"என்னங்க, வண்டிக்கு வயித்துவலியா?" என்றாள் மனைவி.

மறுவாரம், இருப்பதிலேயே கெட்டியானதை ஊற்றினார். ஊளை அடங்கியது; ஆனால் வளைவுதோறும் பின்சக்கரங்கள் விக்கி விக்கி இழுத்தன. மாமியாரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"மாப்பிள்ளை, டாக்டர்கிட்ட கண்ணை மட்டும்தான் காட்டப் போறோம். எலும்பையும் சேத்துக் காட்ட வெச்சிடாதீங்க!"

மருந்துக்கடைக்காரர் வாடிய முகத்துடன் மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

"நடுத்தர கனத்துல ஆயில், கூடவே விக்கல் நிக்க ஒரு சேர்மானம். அவ்வளவுதான் சார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல விட்டீங்களா?"

அடுத்த வாரம் கார் ஓசையின்றி வழுக்கிச் சென்றது. மருந்துக்கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். பின்னால் ஒரு பேச்சும் இல்லை. சிக்னல் வந்தது, போயிற்று, பாலமும் கடந்தாயிற்று. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால், மாமியார் இறுகிய முகத்துடன் ஜன்னலுக்கு வெளியே நோக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வெறுப்பா?

"எம்மேல என்ன குறை இருந்தாலும் நேராவே சொல்லிடுங்க அத்தை."

மாமியாரின் முகம் சிவந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவிதான் பதில் சொன்னாள்:

"பழைய எண்ணெயையே ஊத்திடுங்க; உங்க காதுல விழற மாதிரி உங்களைப் பாராட்ட அம்மாவுக்கு வெக்கமா இருக்காம்!"