தலைக்கனம்

படைக்கு வேண்டியதை நாடு இனித் தானே செய்துகொள்ளும் என்று முடிவானபோது, தலையிலிருந்து தொடங்குவது என்றும் முடிவானது. அப்படித்தான் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் சுதேசித் தலைக்கவசம் செய்யும் பொறுப்பு ஒரு பெண் பொறியாளரிடம் வந்து சேர்ந்தது. அவளுடைய தம்பி எல்லையில் சிப்பாய். அங்கே தினமும் துப்பாக்கிச் சத்தம். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கவசம் பொருந்தாமல், ஓடினால் கண்ணை மறைத்தது. "எதிரியைவிட இந்தச் சட்டிக்குத்தான்க்கா பயப்படறேன்" என்பான் ஃபோனில்.

அவள் ராப்பகலாக உழைத்து ஒரு கவசம் செய்தாள். குண்டு துளைக்கவில்லை. சம்மட்டி அடிக்கு நெளியவில்லை. எடையோ ஒரு முலாம்பழம் அளவுதான். உயர்நிலைக் குழுவின் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள்.

இயக்குநர் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா, இவ்வளவு லேசா இருக்கு?"

"லேசா இருக்கணும்னுதான் சார் பண்ணினேன்."

"இத்தனை வருஷமா ஆராய்ச்சி பண்ணோம்னு சொல்லி இதை நீட்டினா, சும்மா உக்காந்திருந்தோம்னு நினைக்க மாட்டாங்களா? ஆராய்ச்சி கையில கனக்கணும்மா."

தளபதி கேமரா கேட்டார். தகவல் தொடர்புத் துறை வானொலி கேட்டது. வானொலிக்கு ஒரு பேட்டரி, பேட்டரிச் சூட்டுக்கு ஒரு மின்விசிறி, விசிறிக்கு இன்னொரு பேட்டரி. சம்பிரதாயப் பிரிவு நெற்றியில் வெண்கலச் சின்னம் கேட்டது. "சின்னம் இல்லாம செத்தா, எந்த நாட்டுக்காகச் செத்தான்னு எப்படித் தெரியும்?" என்று அந்தப் பிரிவின் அதிகாரி கேட்டதும் சின்னமும் பட்டியலில் ஏறியது.

"சார், இதைப் போட்டுக்கிட்டுத் தலையைத் தூக்கவே முடியாது. கழுத்து ஒடிஞ்சிடும்."

"கழுத்து நம்ம துறை இல்லம்மா" என்றார் இயக்குநர். "நம்ம வேலை தலையோட சரி."

அறிமுக விழா மேடையில் 'தலைநிமிர்ந்த தேசம்' என்று பதாகை கட்டியிருந்தது. அமைச்சர் கவசத்தை அணிந்தார். தாடை நெஞ்சில் போய் இடித்தது. தூக்கிப் பார்த்தார், தலை வரவில்லை. கூட்டம் திகைத்தது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "மாண்புமிகு அமைச்சர் தாய்மண்ணை வணங்குகிறார்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அமைச்சரும் அதுவரை வணங்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரமே கடைகளில் நகல் கவசங்கள் வந்துவிட்டன. இளைஞர்கள் குனிந்தபடி நடந்து விளக்குக் கம்பங்களில் மோதிக்கொண்டார்கள். நெற்றி வீக்கத்தை வைத்து நாட்டுப்பற்று அளக்கப்பட்டது. காதலர்கள் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்தே காதலித்தார்கள். தப்பித்தவறி நிமிர்ந்து நடந்தவனை மடக்கி, "என்னடா, தலைக்கனமா?" என்று கேட்டார்கள்.

கவசம் எல்லைக்குப் போனதிலிருந்து பொறியாளருக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டதாகவே நினைத்தாள். இதற்கிடையில் எதிரி நாட்டு ஒற்றர்கள் வரைபடத்தைத் திருடிவிட்டார்கள். இயக்குநர் பூரித்துப்போனார். "திருடற அளவுக்கு நம்ம பொருள் தரமாயிடுச்சு!" எதிரி ஒன்றுவிடாமல் அப்படியே செய்தான். சின்னத்தை மட்டும் இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டான்.

ஒருநாள் தம்பி கூப்பிட்டான்.

"கழுத்து எப்படிடா இருக்கு?"

"கழுத்து போச்சுக்கா. உசிரு இருக்கு. இங்க சண்டையே நின்னுபோச்சு. நாங்களும் குனிஞ்சிருக்கோம், அவனுங்களும் குனிஞ்சிருக்கானுங்க. யாரு யாரைப் பார்த்துச் சுடறது? அன்னிக்கு ரெண்டு பக்கத்து ரோந்தும் மண்டைக்கு மண்டை முட்டிக்கிச்சு. 'மன்னிச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு அவங்கவங்க வழியில போயிட்டோம்."

சேதி தலைநகரை எட்டியதும் அரசு கவலையில் ஆழ்ந்தது. குழு அவசரமாகக் கூடி, எல்லையில் நிலவும் அமைதி குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. "எடையைக் குறைக்க வழி இருக்காம்மா?" என்று கேட்டார் இயக்குநர்.

சேர்த்ததையெல்லாம் கழற்றினால் போதும். அது அவளுக்குத் தெரியாதா? தம்பியின் குரல் காதிலேயே நின்றது.

"குறைக்கலாம் சார். ஆனா உச்சியில ஒரு தண்ணித் தொட்டி வைக்கலாமே. எதிரிகிட்ட அது இல்ல."

"எதிரிகிட்ட இல்லையா!"

தொட்டி ஒருமனதாக நிறைவேறியது.

கொஞ்ச நாளில், எதிரி நாட்டு ஆராய்ச்சிக் கூடத்தில் யாரோ ஒரு பொறியாளர் இரண்டு தொட்டி வேண்டும் என்று வாதாடி வாங்கிவிட்டதாகத் தகவல் வந்தது. அவருக்கும் எல்லையில் ஒரு தம்பி இருந்திருக்க வேண்டும்.

நாடு ஒரு தொட்டி பின்தங்கிவிட்டது என்று பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. நாம் சும்மா இருப்போமா? கொதித்தெழுந்து தெருவில் இறங்கினோம், குனிந்த தலை நிமிராமல்.