கண் சோதினைக்குப் பழைய பேப்பர்

போன மாசம் மகளைக் கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகவேண்டி இருந்தது. வேலை அவ்வளவுதான்.

ஆரணிக்கு ஏழு வயசு. "பலகையில எழுதிறது அவளுக்குத் தெரியேல்லைப் போல. பக்கத்துப் பிள்ளையின்ர கொப்பியைத்தான் பாத்து எழுதிறாள்" எண்டு பள்ளிக்கூட ரீச்சர் சொன்னவ.

நான் நம்பேல்லை. நான் காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க, "என்ர அம்மாதான் உலகத்திலயே வடிவு" எண்டு நெடுகச் சொல்லுற பிள்ளைக்குக் கண்ணில என்ன பிழை இருக்கேலும்?

எண்டாலும் சோதினை எண்டா சோதினைதான். ஆயத்தமில்லாமல் போய் இருக்கிறதுக்கு நாங்கள் என்ன இந்த ஊர்ச் சுவிஸ்காரரோ?

ரஞ்சி அக்காவின்ர பெடியனும் அதே டொக்டரிட்டைப் போறவன். ஃபோன் எடுத்தன்.

"அக்கா, அங்க என்ன கேக்கிறவை?"

"சுவரில எழுத்து வரும், வாசிக்கச் சொல்லுவினம். நான் ஃபோட்டோ எடுத்து வைச்சிருக்கிறன். அனுப்பட்டோ?"

இதையும் கேக்கவேணுமோ? பழைய கேள்விப் பேப்பர் செய்யாமல் சோதினைக்குப் போன பரம்பரையே எங்கட?

அண்டைக்கே தொடங்கிட்டம். சாப்பிடேக்க மேல் வரி, குளிக்கேக்க நடு வரி, படுக்கேக்க கடைசி வரி.

இவர் சோபாவில இருந்துகொண்டு, "கண் சோதினைக்குப் படிக்க என்னப்பா இருக்கு?" எண்டார்.

"நீங்கள் ஓ.எல். சோதினையே ரெண்டு தரம் எடுத்த ஆள். பேசாமல் இருங்கோ."

பெயிலானா கண்ணாடி. பிறகு கோயிலில காணுற சனமெல்லாம் "இந்த வயசிலயே கண்ணாடியோ" எண்டு கேக்கும். அதுக்கு ஆர் பதில் சொல்லுறது, இவரோ?

டொக்டர் ஒரு சுவிஸ்காரி, நல்ல மனுசி, சிரிச்ச முகம். ஆரணியைக் கதிரையில இருத்தி, வலக்கண்ணை மூடிவிட்டா. பிறகு கொம்பியூட்டர் பக்கம் திரும்பி, "இப்ப சுவரில எழுத்து வரும், வாசி" எண்டா.

என்ர பிள்ளை தொடங்கிட்டுது. மேலயிருந்து கீழவரைக்கும், தேவாரம் படிக்கிற மாதிரி, ஒரு தடக்கல் இல்லை. கடைசி வரியும் முடிய, எனக்குக் கை தட்டாத குறை.

டொக்டர் மெதுவாத் திரும்பினா.

"அருமை. ஆனா நான் இன்னும் எழுத்தைப் போடேல்லை."

சுவரைப் பாத்தன். வெறும் வெள்ளைச் சுவர்.

"பிள்ளை கொஞ்சம் கெட்டிக்காரி" எண்டன். வேற என்னத்தைச் சொல்ல?

டொக்டர் ஒரு பட்டனை அமத்தினா. வேற எழுத்துகள் வந்துது.

ஆரணி சுவரை உத்துப் பாத்தாள். பிறகு என்னைப் பாத்துத் தமிழில சொன்னாள்: "அம்மா, இது நாங்கள் படிச்ச பேப்பரில இல்லை."

"என்ன சொல்லுறா?" எண்டு டொக்டர் கேட்டா.

"கொஞ்சம் பதட்டமா இருக்காம்" எண்டன்.

பிள்ளை விட்டாத்தானே. என்னைவிட அவளுக்கு ஜெர்மன் நல்ல ஓட்டம். ரஞ்சி அக்காவின்ர ஃபோட்டோவில தொடங்கி, குளிக்கேக்க படிச்ச நடு வரிவரைக்கும் வடிவா விளங்கப்படுத்தினாள். நான் கைப்பையின்ர சிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தன்.

பிறகு கண்ணுக்கு மருந்து விட்டு, வடிவாப் பாத்திட்டு, டொக்டர் என்னைக் கிட்டக் கூப்பிட்டா. இப்ப சிரிப்பில்லை.

"வலக்கண்ணும் கொஞ்சம் மங்கல்தான். இடக்கண்ணால பெரிய எழுத்தைத் தவிர ஒண்டும் தெரியேல்லை. நீங்கள் பாஸ் பண்ண வைச்சுக் கூட்டிக்கொண்டு போயிருந்தா, அந்தக் கண் பாக்கப் பழகாமலே போயிருக்கும். இந்த வயசில பிடிச்சது நல்லம்."

பிள்ளை இவ்வளவு காலமும் ஒத்தைக் கண்ணோட சமாளிச்சிருக்கிறாள், நான் அவளுக்குக் கடைசி வரியைப் பாடமாக்கிக் குடுத்திருக்கிறன். நினைக்க நினைக்க அழுகை வந்துது.

"நான் பெயிலோ அம்மா?" எண்டு காதுக்குள்ள கேட்டாள்.

"ஓம் குஞ்சு. கடவுள் புண்ணியத்தில பெயில்."

கண்ணாடி வந்திட்டுது. ஊதா நிறம், அவளே எடுத்தது. இப்ப பள்ளிக்கூடத்தில பலகையைப் பாத்துத்தான் எழுதிறாளாம். கோயிலில சனம் கேட்டுது. பதில் சொல்லச் சொல்லி இவரை முன்னால விட்டிட்டன்.

கண்ணாடி வந்த அடுத்தநாள் காலமை வேலைக்கு வெளிக்கிட்டு, வழக்கம்போல அவளுக்கு முன்னால நிண்டன். கண்ணாடியோட மேலயும் கீழயும் பாத்தாள்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சீப்பால தலையை இழுத்திட்டுப் போங்கோ அம்மா."

டொக்டர் சரியான அளவிலதான் கண்ணாடி குடுத்திருக்கிறா.