தண்ணீரில் சோதித்த வடிகட்டி

என் மனைவிக்கு,

இந்த இடத்தில் 'அன்புள்ள' என்று எழுதித்தான் தொடங்கினேன். கடிதம் முதலில் மாப்பிள்ளை கைக்குத்தான் போய்ச் சேரும், இந்த வயதில் இதென்ன என்று நினைத்துவிடுவாரோ என்று தோன்றியது, அடித்தேன். அடித்த இடம் அசிங்கமாகத் தெரிந்ததால் புதுத் தாள் எடுத்திருக்கிறேன். அந்தச் சொல் இருப்பதாகவே வைத்துக்கொள். இங்கே நான் நலம், வீடு நலம், கூரை மட்டும் கொஞ்சம் நலமில்லை, அதுவும் நம்முடைய கூரை அல்ல. அதைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீயும் மகளும் மாப்பிள்ளையும், புதிதாக வந்திருக்கும் பெரிய மனுஷியும் நலமாக இருக்க வேண்டும்.

பொருள்: நீ தொலைபேசியில் கேட்டது. "இவ வேலைக்குத் திரும்பணுமாம். பாப்பாவைப் பாத்துக்க நான் இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்கட்டுமா? நீங்க சொல்றதுதான்" என்றாய். "யோசிச்சு எழுதுறேன்" என்றேன். உடனே மாப்பிள்ளை, "இந்தக் காலத்துல யாரு மாமா எழுதுறாங்க? இப்பவே சொல்லுங்க, எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். சங்கடமே அதுதான். எல்லோருக்கும் கேட்கும்படி அங்கே அந்தப் பொத்தானை அமுக்கித் தொலைபேசியைக் கூடத்து நடுவில் வைத்துவிடுகிறீர்கள். நீ "சாப்டீங்களா" என்று கேட்டால், கூண்டில் ஏறி நின்று சாட்சி சொல்வதுபோல் "சாப்பிட்டேன்" என்கிறேன். "என்ன சாப்டீங்க" என்றால் "வழக்கமானதுதான்" என்கிறேன். அதற்கு மேல் எனக்கு வாய் வருவதில்லை. எழுத்தென்றால் ஆற அமர எழுதலாம்.

ஆகவே பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தாராளமாக இரு. குழந்தைக்கு உன் கை வேண்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பதில் தாமதமானதற்குக் காரணம் தயக்கம் என்று எண்ணிவிடாதே, வேலை வந்துவிட்டது. எனக்கா வேலை என்று நீ சிரிப்பது கேட்கிறது. நான் ஓய்வு பெற்ற அந்த மருந்துத் தொழிற்சாலையின் மேலாளர், ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுகிறார் என்று நீ 'பம்பரம்' என்று பேர் வைத்தாயே அவர்தான், தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், புதுசா ஒரு கண் சொட்டுமருந்து போடப் போறோம். எந்த ஃபில்டர் போடணும்னு நீங்கதான் வந்து சொல்லணும். உங்களை மாதிரி பாத்துப் பாத்துச் செய்ய இங்க ஆள் இல்ல" என்றார். என்னைப் பாராட்டுகிறாரா, நான் மெதுவாகச் செய்வேன் என்கிறாரா என்று புரியாமலே சரி என்றுவிட்டேன்.

வடிகட்டி எடுப்பது பெண் எடுப்பதுபோல என்று தொழிற்சாலையில் எங்கள் பிரிவில் ஒருவர் சொல்லித் திரிவார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. இருந்தாலும் விசாரிக்க வேண்டியவை ஏராளம் என்பது உண்மைதான். கண்ணில் விடும் மருந்து, அதனால் கிருமிகூட நுழைய முடியாத அளவுக்கு நுண்ணிய துளை இருக்க வேண்டும். கொதிநீராவியில் வைத்தால் சுருங்கக் கூடாது. பம்பு தள்ளும் வேகத்தைத் தாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழுக்கை நிறுத்த வேண்டும், மருந்தை நிறுத்தக் கூடாது. ஒரு தக்காளி வாங்கப் போனால் கடைக்காரர் நாற்காலி போட்டுக் கொடுக்கும் அளவுக்கு ஆராய்பவன் நான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாயே, அப்படித்தான் இதிலும் இறங்கினேன். மாதிரி வடிகட்டிகளை ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். வீடு சும்மாதானே கிடக்கிறது.

அங்கேதான் ஆரம்பித்தது. நம் பிளாஸ்டிக் டீ வடிகட்டியைக் காணவில்லை. எங்கே வைத்தாய் என்று உன்னைக் கேட்டிருக்கலாம். அதை எப்படி அத்தனை பேர் கேட்கக் கேட்பது? மாமாவுக்கு டீ வடிகட்டி எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியவில்லை என்றாகிவிடும். சரி, கையில்தான் பெட்டி நிறைய வடிகட்டி இருக்கிறதே என்று அதில் ஒன்றை எடுத்து டீயை ஊற்றினேன். பால், டீத்தூள் எல்லாம் மேலேயே நின்றுவிட்டன. கீழே கலங்கிய வெந்நீர்போல் ஏதோ ஒன்று யோசித்து யோசித்துச் சொட்டியது; சற்று நேரத்தில் அதுவும் நின்றது. முதலில் பெரிய துளை, அதற்குப் பிறகுதான் சிறிய துளை, நேராக நுண்வடிகட்டியில் கொண்டுபோய் ஊற்றாதீர்கள் என்று தொழிற்சாலையில் பல பேரிடம் சொன்னவன் நான். ஆசையில் அறிவு மழுங்கிவிட்டது. டீயின் மீதுள்ள ஆசையைச் சொல்கிறேன்.

மறுநாள் இன்னொரு மாதிரியைச் சமையலறைக் குழாயில் பொருத்தித் தண்ணீர் எப்படிப் போகிறதென்று பார்க்கலாம் என்று நினைத்தேன். பொருத்திக் குழாயைத் திறந்தேன், ஒரு சொட்டு வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் வடிகட்டியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பொருத்தியதில் தவறு இருக்கும், நான் போதுமான அளவு திறக்கவில்லை போலும் என்று இன்னும் திறந்தேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். அது தண்ணீருக்கான வடிகட்டியே இல்லை; தொட்டிக்குள் காற்று போய்வருவதற்காக வைப்பது. காற்றை விடும், தண்ணீரைக் கண்டால் விரட்டும். தண்ணீர் பாவம், வேறு வழி தேடி, குழாயின் கழுத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அடைக்கும் திருகு எங்கே என்று கேட்க நீ இல்லை. கண்டுபிடிப்பதற்குள் கணுக்கால் நனைந்துவிட்டது. இதில் ஒரு நன்மையும் உண்டு: அலமாரிக்கு அடியிலிருந்து நம் டீ வடிகட்டி தானாக மிதந்து வந்தது.

கீழ்வீட்டு ஓட்டுநர் மேலே வந்தார். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, பேருந்தில் கத்திக் கத்தி வீட்டிலும் அதே குரல். "பெரியவரே, எங்க வீட்டுக்குள்ள மழை பெய்யுது. மேல நீங்க என்ன, கடல் விட்டுப் பாக்குறீங்களா?" என்றார். "ஒரு சின்னச் சோதனை" என்றேன். "சோதனை எங்களுக்குங்க" என்றார். பின்னாலேயே அவர் வீட்டம்மா துடைப்பமும் கையுமாக வந்து, தண்ணீரைத் தள்ளத் தொடங்கினாள். நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நின்றேன். எல்லாம் முடிந்ததும், "அக்கா எப்ப வருவாங்க?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "அவ அங்க சௌகரியமா இருக்கா" என்றேன். "நான் அதக் கேக்கலயே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு வாய் கொஞ்சம் அதிகந்தான்.

இத்தனைக்கும் பிறகு நைலான் சவ்வு வைத்த ஒரு வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தேன். குறை சொல்ல முடியாத வடிகட்டி. நனைத்துவிட்டுப் பின்னாலிருந்து காற்றை அழுத்தினால், எந்த அழுத்தத்தில் குமிழி விட வேண்டுமோ அங்கேதான் விட்டது. ஓட்டை இல்லை என்று அர்த்தம். சூடு தாங்கியது. தண்ணீர் பளிங்காக இறங்கியது. ஆனால் ஒன்று. அதை அந்தக் கண்மருந்திலேயே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த மருந்து விலை கூடியது, அளவாகத்தான் தயாரித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு வாளி கொடுங்கள் என்று கேட்க நான் பம்பரத்தின் அறை வாசல்வரை போனேன். அவர் யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நின்றேன். பேசி முடித்து, "என்ன சார்?" என்றார். "ஒண்ணுமில்ல, சும்மா பாக்க வந்தேன்" என்று திரும்பிவிட்டேன். தண்ணீரில் சரியாக இருப்பது மருந்தில் மட்டும் தவறாகவா போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் தயாரிப்பு ஓடியது. மருந்து கண்ணாடிபோல் தெளிவு. பம்பரம் என் முதுகில் தட்டி, "பாத்தீங்களா, பழைய கை பழைய கைதான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வாசல்வரை சொற்களை அடுக்கிக்கொண்டே வந்து, பூட்டைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது.

பிறகு ஆய்வுக்கூடத்து அம்மா எல்லோரையும் கூப்பிட்டாள். சொட்டுமருந்தைத் திறந்த பிறகு அது கெடாமல் இருக்க ஒரு பொருளைச் சிறிதளவு சேர்ப்பார்கள். முதலில் நிரப்பிய புட்டிகளில் அது பாதிகூட இல்லை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, அத்தனை தெளிவு; ஆனால் காக்க வேண்டியது உள்ளே இல்லை. அவளுக்கு என்மீது கோபம் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நைலான் குடிச்சிருக்கு சார்" என்றாள். "சவ்வு முதல்ல தன் பசிக்கு எடுத்துக்குது. வயிறு ரொம்பினதும் அப்புறம் வர்றது சரியா வருது. பாருங்க, பின்னாடி நிரப்புன புட்டியெல்லாம் சரியா இருக்கு. இதைவிடக் கம்மியா குடிக்கிற சவ்வு இருக்கு, அதுக்கு மாத்திடலாம். ஆனா எதைப் போட்டாலும் முதல்ல வர்றதைக் கொட்டிடணும். கொட்டிட்டுத்தான் புட்டியில பிடிக்கணும்." இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததுதான். தண்ணீரில் தெரியாது, அவ்வளவே. தண்ணீரில் குடிக்க என்ன இருக்கிறது?

பம்பரம் முதல்முறையாகச் சுழலாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "எதுல சார் சோதிச்சீங்க?"

"தண்ணியில."

"மருந்துல ஏன் பாக்கல?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

நான் மேசையில் இருந்த புட்டி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அவரே, "கேட்டிருந்தா ஒரு வாளி என்ன, ஒரு பீப்பாயே கொடுத்திருப்போமே சார். இல்லைன்னு சொல்லியிருப்போமா?" என்றார். திட்டவில்லை. வருத்தமாகக் கேட்டார். அந்த முதல் புட்டிகளை அழித்துவிட்டார்கள், வெளியே ஒன்றும் போகவில்லை, யாருக்கும் தீங்கில்லை. வேறு சவ்வு வரவழைத்திருக்கிறார்கள். இம்முறை மருந்தை அவர்களே வாளியோடு கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், நான் கேட்பேன் என்று நம்பிக் காத்திருக்கவில்லை.

மற்றபடி இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. நீ போகும்போது ஆணியில் மாட்டிவிட்டுப் போன துண்டு அங்கேயே இருக்கிறது. அதை எடுத்தால் ஆணி துருப்பிடித்திருப்பது தெரியும் என்பதால் எடுக்கவில்லை. உன் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேசையில் என் பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறேன், காகிதம் பறக்காமல் இருக்க. டீ இப்போது நன்றாகவே போடுகிறேன், ஆனால் அளவு இன்னும் கைக்கு வரவில்லை, தினமும் இரண்டு டம்ளர் வந்துவிடுகிறது. ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதை உன் நாற்காலிக்கு எதிரில் ஆறவிட்டு அதையும் நானே குடிக்கிறேன். வீணாக்கக் கூடாது இல்லையா. சில சமயம் அடுக்களையில் ஏதாவது விழுந்தால், 'என்ன?' என்று கேட்டுவிடுகிறேன். பதில் வராது என்று தெரியும். கேட்டுத் தொலைக்கிறது வாய். பழக்கம். நாளடைவில் போய்விடும் என்று நினைக்கிறேன், ஒரு வருஷம் போதுமான காலந்தான்.

ஆகையால் நீ மனக்குறை எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். நிம்மதியாக இரு. மகளிடம், அப்பா சந்தோஷமாகச் சம்மதித்தார் என்று சொல். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். இந்தக் காலத்திலும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள் என்று சொல். பேத்தி நூறாண்டு வாழட்டும், உன் கண்ணும் உன் நிறமும் வரட்டும், என் சுபாவம் மட்டும் வராதிருக்கட்டும். நீ வேளைக்கு மருந்து சாப்பிடு. குளிரில் தலையை மூடிக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போனவன் திரும்ப எடுத்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியது முழுவதையும் கொட்டிவிடு. அது முதலில் வருவது; பார்க்கத் தெளிவாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. என் சவ்வு குடித்துவிட்டது. இனி வருவதைப் பிடி: எனக்கு முடியவில்லை. வந்துவிடு. குழந்தையை விட்டுவர முடியாதென்றால் என்னை அங்கே கூப்பிடு, ஒரு மூலை போதும், குழாய் பக்கமே போகமாட்டேன். மகளிடம் இதை நீயே சொல்லிவிடு, எனக்குக் கூச்சம். பதிலைத் தொலைபேசியில் சொல்வதானால் அந்தப் பொத்தானை அமுக்காமல் சொல். ஏன் கேட்கவில்லை என்று இனி யாரும் என்னைக் கேட்க முடியாது. கேட்டுவிட்டேன்.