அத்தானுக்காகத் தூக்கிய வண்டி

செத்துப்போன மனிதனுக்கு இனிமேல் யாரும் கஷ்டம் கொடுக்க முடியாது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முடியும் என்று செய்து காட்டியவன் நான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன். (நானே வந்தேனா, வாத்தியார் அனுப்பினாரா என்பதில் எங்கள் குடும்பத்தில் இரண்டு கருத்து உண்டு.) தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை அறுத்தேன். பிறகு குலை அறுக்க ஆள் வைத்தேன். இன்று கோலா சிலாங்கூரில் சொந்த வீடு, இரண்டு லோரி, பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டு வைத்த ஒரு ஃபோர்வீல். இன்ஜினியர் புத்தகத்தைப் புரட்டிச் சொல்வதை நான் டயரை ஒரு உதை உதைத்தே சொல்லிவிடுவேன். இதையெல்லாம் நான் எந்த வீட்டு விசேஷத்திலும் கூச்சமில்லாமல் பேசுவேன். அக்கா வீட்டில் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

அக்கா பிலோமினாவின் வீடு சுங்கை புரோங்கில், வயலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து அத்தான் சபாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, மருத்துவமனையில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்ட நேரத்தில், அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன ஆசைதான். ஆனால் அந்தத் தோட்டம் கைமாறி, ஆட்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்து, கோவிலையும் இடித்து, நடுச் செம்பனையில் கல்லறையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். தார் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். கறுப்புக் களிமண்கூட இல்லை; மிதித்தால் மெத்தை மாதிரி அமுங்கும் புதைமண். மழைக்காலத்தில் சவ வண்டிக்காரன் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான்.

அக்கா என்னைப் பார்த்து அழுதாள். "எப்படிடா தம்பி கொண்டு போறது? அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்டா."

"நான் இருக்கேன்லா அக்கா. என் ஃபோர்வீல் போகாத இடமா?" என்றேன்.

உண்மையில், போன மழைக்கு அதே பாதையில் என் ஃபோர்வீல் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. வண்டியைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும். (தூக்குவது என்றால் ஆள் பிடித்துத் தூக்குவது இல்லை. ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியின் உடம்பைச் சக்கரத்துக்கு மேலே உயர்த்துவது.)

எனக்குத் தெரிந்த வண்டிப் பட்டறை போர்மன் ஆ சோங். தோட்டத்து ஓரத்தில் வளர்ந்த சீனன், நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவான். முழு செட்டாகப் போடச் சொன்னான். நாலு பக்க ஸ்பிரிங், அதற்கு ஏற்ற நீளத்தில் குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பர், பிரேக் ஹோஸ், நட்டு, போல்ட்டு எல்லாம் ஒரே பெட்டியில் வருமாம். விலையைச் சொன்னான். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"செட்டா வாங்குறதுக்கு இது என்ன சீர்வரிசைச் சாமானா? பழைய இரும்புக் கடையில தனித்தனியா எடுத்துக்குறேன்."

"சரி பாஸ். ஆனா ஒண்ணு சொல்லு. பின்னால என்ன ஏத்துவ? எவ்ளோ எடை? அதுக்குத்தான் ஸ்பிரிங் பாக்கணும்."

இங்கேதான் நான் மாட்டினேன். ஏற்றப்போவது என் அத்தானை. ஆனால் அத்தான் அப்போது சுங்கை புரோங்கில் உயிரோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி குடிக்கிற மனிதனைப் பெட்டியோடு சேர்த்து எடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு, பட்டறையில் இன்னும் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேர் நிற்கிற இடத்தில் சின்ன எண் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

"ஒரு டன். அதுக்குக் குறைஞ்சு நான் எதையும் ஏத்துறது இல்ல."

ஆ சோங் தலையாட்டினான். பழைய இரும்புக் கடைக்குப் போய், ஏதோ லோரியிலிருந்து கழற்றிய தடித்த ஸ்பிரிங் பட்டைகளை நானே தேர்ந்தெடுத்தேன். விரலால் தட்டினால் கோவில் மணி மாதிரி சத்தம் வந்தது. நல்ல சாமான் என்று முடிவு செய்தேன். பழைய அப்சோர்பர் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மாற்றுவானேன்? முன்பக்கத்து முறுக்குக் கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் அதுவும் உயரும், காசே கிடையாது. பிரேக் ஹோஸை மட்டும் ஆ சோங் விடவில்லை. "இது மாத்தலன்னா வண்டி வெளிய போகாது. நான் ஜெயிலுக்குப் போக மாட்டேன்" என்று புதுசு போட்டுவிட்டான். நான் கிளம்பும்போது, "பாஸ், இது எடை ஏத்தினாத்தான் உக்காரும். காலியா ஓட்டாத, குதிக்கும்" என்றான். எனக்கா சொல்லித் தருகிறான்?

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். என் மனைவி ரோசலி வாசலில் நின்று பார்த்தாள். முன்பக்கம் கொஞ்சம்தான் உயர்ந்திருந்தது. பின்பக்கம் எங்கேயோ போயிருந்தது.

"என்னங்க இது, முட்டை போடப் போற வாத்து மாதிரி நிக்குது?"

அத்தானிடம் காட்டக் கொண்டு போனேன். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடியே வெகுநேரம் பார்த்தார். முகத்தில் எலும்புதான் மிச்சம் இருந்தது.

"எதுக்கு மச்சான் இவ்ளோ உயரம்?"

"பழம் ஏத்தத்தான் அத்தான்."

"ம்." ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, "மழையில போகும்ல?" என்றார்.

"பறக்கும் அத்தான்" என்றேன். அந்த வார்த்தை மட்டும் பொய்யாகவில்லை.

வருடக் கடைசி மழையில் அத்தான் போய்விட்டார். காலையில் பூசை முடிந்து, சவ வண்டி தார் ரோடு முடிகிற இடத்தில் நின்றது. மழை தூறிக்கொண்டே இருந்தது. பெட்டியை என் வண்டிக்கு மாற்ற வேண்டும். வண்டியின் பின்கதவு பெட்டியைத் தூக்கிய ஆறு பேரின் நெஞ்சுக்கு மேலே இருந்தது. முதல் முயற்சியில் ஏறவில்லை. இரண்டாவது முயற்சியில் பெட்டி சாய, பெண்கள் கத்தினார்கள். கடைசியில் எதிர் வரிசைக் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, அதன்மேல் ஏறி நின்று ஏற்றினார்கள். அத்தானின் தம்பி சூசை என் காதுக்குள், "மச்சான், அண்ணன் உயிரோட இருக்கும்போதுகூட இவ்ளோ உயரத்துக்குப் போனது இல்ல" என்றான்.

அக்கா என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் குடையோடு பின்னால் நடந்து வந்தார்கள். முதல் குழி வந்தது.

ஒரு டன்னுக்கு வைத்த ஸ்பிரிங்குக்கு, நோயில் பாதியாய்ப் போன ஒரு மனிதனும் ஒரு பலகைப் பெட்டியும் ஒரு எடையே இல்லை. வண்டியின் பின்பக்கம் ஆகாயத்துக்கு எம்பியது. கட்டியிருந்த கயிறு தளர்ந்தது. பெட்டி எழும்பி, டொம் என்று விழுந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த ஒப்பாரி சட்டென்று நின்றது.

"டேய், உள்ள அவரு இருக்காருடா!" என்றாள் அக்கா.

"கொஞ்ச தூரம்தான் அக்கா."

இரண்டாவது குழி. டொம். குட்டையான பழைய அப்சோர்பர் ஒன்று இழுபட்டுப் பிய்ந்து கீழே தொங்கியது. அக்கா இரண்டு கையாலும் தன் காதைப் பொத்திக்கொண்டாள்.

நிறுத்தி இறங்கினேன். அப்போதுதான் ஆ சோங் சொன்னது புத்தியில் ஏறியது. எடை வேண்டும். சுற்றிப் பார்த்தேன். எடை என்று அங்கே இருந்தது எங்கள் சொந்தக்காரர்கள் மட்டுமே.

"குண்டா இருக்கிறவங்கள்லாம் வண்டியில ஏறுங்க!" என்று கத்தினேன்.

துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் இப்படி ஒரு அழைப்பை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒருவரும் அசையவில்லை. நானே பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதாயிற்று. ரோசலியின் தம்பி முறைத்துக்கொண்டே ஏறினான். சூசை ஏறினான். ராசா ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா மகள், "என்னையப் பாத்தா குண்டாவா தெரியுது?" என்று கேட்டு, அழுது, ஏறினாள். (இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.) எட்டுப் பேர் பெட்டியைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தும் பின்பக்கம் முழுதாக இறங்கவில்லை. காலையில் பூசை வைத்துவிட்டு எங்களோடு நடந்து வந்த பாதரைப் பார்த்தேன். நல்ல கனமான மனிதர்.

"பாதர், கோவிச்சுக்காதீங்க..."

அவர் ஜெபப் புத்தகத்தை அங்கிக்குள் சொருகிக்கொண்டு ஏறினார். வண்டி உட்கார்ந்தது.

அதற்கப்புறம் ஒரு ஐந்து நிமிடம் என் வண்டி எப்படிப் போனது தெரியுமா! ஆடவில்லை, அசையவில்லை. "பாத்தியா அக்கா" என்று சொல்லப் போனேன். 'பாத்தி' வரை சொல்லியிருப்பேன். பின்சக்கரம் இரண்டும் மண்ணுக்குள் இறங்கின. புதைமண்ணில் ஒரு டன்னைக் கொண்டு போனால் வேறு என்ன ஆகும்? நான் மிதிக்க மிதிக்க இன்னும் புதைந்தது.

எல்லாரும் இறங்கினார்கள். எடை போனதும் ஸ்பிரிங் நிமிர்ந்தது, பெட்டி இன்னொரு முறை துள்ளியது. இந்த முறை யாரும் கத்தவில்லை. பழகிவிட்டது.

மீதித் தூரத்தை அத்தான் தோளில்தான் போனார். நான் குண்டு என்று பொறுக்கியவர்களே முழங்கால் சேற்றில் மாறி மாறிச் சுமந்தார்கள். நானும் தோள் கொடுக்கப் போனேன். சூசை, "நீங்க குடை பிடிங்க மச்சான், போதும்" என்றான். புதைக்க வெட்டி வைத்த குழியில் தண்ணீர் ஊறிக்கிடந்தது. வாளியால் இறைத்து, பாதர் அவசரமாக மந்திரித்து, அவருடைய அம்மாவின் சிலுவைக்கு ஒரு கை தள்ளி அவரை இறக்கினோம். அக்கா செருப்பில்லாமல் நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வந்து சேந்துட்டாரு. நீ ஒண்ணும் பேசாத தம்பி."

மறுமாதமே முழு செட்டையும் வாங்கிப் போட்டேன். இப்போது வண்டி காலியாகவும் பஞ்சு மாதிரி போகிறது. யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. எங்கள் குடும்பத்தில் நாலு பேர் ஒரு காரில் ஏறினால் போதும், "ஒரு டன் ஆயிருச்சா? இல்லன்னா பாதரைக் கூப்பிடவா?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

கிறிஸ்துமஸ் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். அத்தான் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில், எல்லாருக்கும் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்: "நான் செத்தா தார் ரோட்டு மேல இருக்கிற கல்லறையில போடுங்கப்பா. தம்பி வண்டி வேணாம். எனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி."

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருடமும் சொன்னாள், அடுத்த வருடமும் சிரித்தார்கள். போன வருடம் பாதரிடம் எழுதியே கொடுத்துவிட்டாளாம், கோலா சிலாங்கூர் கல்லறையில் தனக்கென்று ஒரு இடத்துக்கு. முப்பத்தெட்டு வருடம் அத்தானோடு ஒரே பாயில் படுத்தவள்.

எல்லாரோடும் சேர்ந்து நானும் சத்தமாகத்தான் சிரிக்கிறேன். சிரிப்பு அடங்கியதும் அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைக்கிறாள். அதை விழுங்குவதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.